முதல் இலை

"முதல் இலை இந்தத் தம்பிக்குத்தான்!"

நாத்தனார் தங்கம்மா சொன்னதும் யோகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. மலையூரான கோலா தெர்லாவில் அவள் வாங்கிய புது வீட்டில் அன்று பால் காய்ச்சிப் பந்தி போட்டிருந்தார்கள். சீரோடு வந்த அவளுடைய கூடப்பிறந்த அண்ணன், தன் கணவன் வேலப்பன் நிற்கும்போது, முன்பின் தெரியாத ஒரு நோஞ்சான் இளைஞனுக்கா முதல் மரியாதை?

"யாரு இவன்? உங்கண்ணன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. இவன் இல்லாட்டி இந்த வீடே இல்ல. போன வருசம் போலீசுன்னு ஒருத்தன் எனக்குப் போன் பண்ணி மெரட்டுனான்ல?"

தேயிலை எஸ்டேட் முழுக்கத் தெரிந்த கதைதான். உன் பேரில் போதைப் பார்சல் பிடிபட்டிருக்கிறது, பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்று, யாரிடமும் மூச்சு விடாதே என்று ஒரே அதட்டல். வேலை ஓய்ந்தால் எஸ்டேட் குடியிருக்கக் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்தாக வேண்டுமே என்று தங்கம்மா வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது.

"பயத்துல எனக்குப் புத்தியே ஓடல. 'ஐயா, பறிச்ச கொழுந்த மட்டும் எடை போட்டுட்டு வந்துடறேன், அப்புறம் என்னைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க'ன்னு அவன்கிட்டயே பெர்மிசன் கேட்டேன்லா!"

பந்தியே சிரித்தது. அந்த இளைஞன் மட்டும் இலையைப் பார்த்தபடி இருந்தான்.

"சரி, இவன் என்ன செஞ்சான்?"

"பேங்கு வாசல் வரைக்கும் போயிட்டேன் அண்ணி. 'போடாதீங்கம்மா, எந்தப் போலீசும் போன்ல காசு கேக்காது, உடனே கட் பண்ணுங்க'ன்னு தடுத்துட்டான். என் குலசாமி!"

யோகேஸ்வரியின் கோபம் போன இடம் தெரியவில்லை. தானே கரண்டியை வாங்கி அவன் இலையில் பாயசம் ஊற்றினாள்.

"நல்லா இருப்பப்பா. எந்த ஊரு?"

"ரிங்லெட் பக்கம் எஸ்டேட்டுதாங்க. அம்மா கொழுந்து பறிக்கிறாங்க."

"நம்ம புள்ளையா! நல்ல வேளை, அன்னைக்கு பேங்குல நீ பக்கத்துல நின்னே."

"பக்கத்துல இல்லீங்க..." அவன் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். "போலீசுன்னு மெரட்டுனதே நான்தான்."

"வேலைன்னு ஏமாத்திக் கூட்டிட்டுப் போயி, வெளிநாட்டுல அடைச்சு வச்சு இப்படிப் பேச வச்சிருக்காங்க அண்ணி. மீண்டு வந்ததும் என்னைத் தேடி வந்துட்டான்," என்று தங்கம்மா அவன் முதுகைத் தடவினாள். "என்னைத் தப்பிக்க விட்டதுக்கு அவனுங்ககிட்ட இவன் வாங்குன அடி, இன்னும் தழும்பா இருக்கு."