ஒரு பக்கமாக மெல்லுகிறவள்

பட்டமளிப்பு விழா முடிந்து கறுப்பு அங்கியோடு வெளியே வந்த இசக்கிராஜனை, அம்மா பேச்சித்தாய் வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுற்றிலும் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அண்ணாந்து வாயைத் திறந்தாள்.

"என்னம்மா இது, எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். கடவாப்பல்லு. மொதல்ல நீதான் பாக்கணும்னு வச்சிருக்கேன்."

கூட வந்த சித்தி சிரித்தாள். "அஞ்சு வருசமா ஒரு பக்கமாத்தான் மெல்லுதா. ஆஸ்பத்திரிக்கு வாக்கான்னா, எம்மவன் படிச்சு முடிச்சு வருவான்னு சொல்லுதா. மாடுகூட ரெண்டு பக்கமும் மெல்லும்லா?"

"நீ சும்மா கெட. பாருய்யா."

பல் மருத்துவம் தனக்கு ஒத்துவராது என்று அவனுக்கு இரண்டாம் வருடமே தெரிந்துவிட்டது. திறந்த வாயைப் பார்த்தாலே குமட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டே தேர்வுகளைக் கடந்தான். இந்த வேலைக்குப் போகப்போவதில்லை என்பதை இன்று பஸ் ஏறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தான்.

அம்மாவின் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பினான். வீங்கிச் சிவந்த ஈறுக்குள் பல் கறுத்து, பாதி இல்லாமல் இருந்தது. வழக்கம்போலக் குமட்டியது. அம்மாவின் வாய் என்பதால் அது குறைந்துவிடவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அங்கியின் கையால் வாயைப் பொத்தினான். சித்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தாள்.

"யம்மா, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

வாயை மூடாமலே, சொல்லு என்று தலையை ஆட்டினாள்.