கீரியோடு சண்டை

கோழிக் கூண்டுக்குப் பின்னால் கிடந்த தகரத் தட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சுர்ரென்று உச்சந்தலை வரை ஏறியது.

தட்டில் கோதுமை மாவு உருண்டைகள். நெல்லிக்காய் அளவு. மாவுக்குள் கறுப்பாக எதுவோ பொடிப்பொடியாகக் கலந்திருந்தது.

மோந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

குழாயடியில் அவள் கணவன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். ஊரில் பாதி வீட்டுக் குழாய்கள் அவன் மாட்டியவைதான். இப்போது முகத்தில் ஏதோ பெரிய காரியத்தை முடித்துவிட்ட களை.

"கீரிக்கு வெச்சேன். இனிமே இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காது" என்றான், வாய் நிறைய நுரையோடு.

 

மூன்று மாதமாக அந்தக் கூண்டோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போகும் முன் ஒரு மணி நேரம், பூட்டிவிட்டு வந்து ஒரு மணி நேரம்.

கீரி மண்ணைத் தோண்டிக்கொண்டு வந்தது. சுற்றிலும் ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, கம்பிவலையின் அடியை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைத்தாள். கை இரண்டும் கொப்பளித்துப் போயின.

பருந்து வட்டமிட்டது. கொய்யா மரத்திலிருந்து சுவர்வரை குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, வீணாய்ப்போன சிடிக்களைத் தொங்கவிட்டாள். வெயிலில் அவை பளிச்சென்று திரும்பும்போதெல்லாம் பருந்து விலகிப்போனது.

கோழிகளுக்குப் பேன் வந்தது. ரொட்டிக் கடையில் கேட்டு வாங்கிய சாம்பலை மணலோடு கலந்து ஒரு தொட்டியில் கொட்டினாள். அவை அதில் புரண்டு புரண்டு குளித்து, தாங்களே உதறிக்கொண்டன. முட்டையிடும் பெட்டியில் வேப்பிலை பரப்பினாள்.

மருந்தடித்தால் ஒரே நாளில் முடிகிற வேலை என்று அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விஷம் என்று ஒரு துளிகூட இந்த வாசற்படியைத் தாண்டக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்.

இவனும் அப்போது பெரிதாகத் தலையை ஆட்டினான்.

நேற்று மாலை கூண்டைச் சரியாகச் சாத்தாமல் விட்டவனும் இவன்தான். ஒரு கோழி போயிற்று. அதற்குக்கூட அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"எத்தனை உருண்டை வெச்சீங்க?"

"அஞ்சோ ஆறோ. எண்ணிக்கிட்டா இருப்பாங்க?"

தட்டில் நான்குதான் இருந்தன.

அவள் அப்படியே மண்ணில் மண்டி போட்டாள். ஒன்று கூண்டின் ஓரத்தில் சருகுக்குள் உருண்டு கிடந்தது. இன்னொன்று இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சுவர் நெடுகக் கையால் துழாவினாள். நகத்துக்குள் மண் ஏறியது. திறந்துவிடச் சொல்லிக் கோழிகள் உள்ளேயிருந்து கத்தித் தீர்த்தன.

"அஞ்சுதான், அஞ்சுதான். இப்ப ஞாபகம் வந்துடுச்சு" என்றான் அவன், வாயைக் கொப்பளித்துவிட்டு.

"மீதி பாக்கெட் எங்க?"

"அடுப்படியிலதான். சர்க்கரை டப்பா பக்கத்துல."

சர்க்கரை டப்பா பக்கத்தில்!

தட்டோடு அவள் உள்ளே ஓடிய வேகத்தில் தோள் கதவில் இடித்தது. பாக்கெட் இருந்தது. வாயை அழகாக மடித்து, துணி காயப்போடும் கிளிப்பைக்கூட மாட்டி வைத்திருந்தான். அவ்வளவு பொறுப்பு.

அவள் அதைப் பிரித்து, பின்னாலேயே வந்த அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இவ்வளவுதான் எடுத்தீங்களா? நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"ஒரு ஸ்பூன் எடுத்தேன். ஏன்டி, நாலு கோழிக்காகவா இந்த ஆட்டம் ஆடுறே?"

தட்டை அவன் தலையில் கவிழ்த்துவிடலாம் போலக் கை பரபரத்தது. கவிழ்க்கவில்லை. உருண்டைகளையும் பாக்கெட்டையும் ஒரு பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, அதையும் மூன்றாவதில் போட்டு முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டாள். அவனுடைய சாமான் பைக்குள், குறடுக்கும் ஸ்பானருக்கும் நடுவில் திணித்தாள்.

"வாங்கின கடையிலேயே கொண்டுபோய்க் குடுங்க. இப்பவே. டீயெல்லாம் அப்புறம்."

இத்தனையும் அவள் அடிக்குரலில்தான் சொன்னாள். 

உள்ளே ஓர் அறைக் கதவு திறந்தது. அவனுடைய தங்கை, கலைந்த தலையோடு, ஒரு கிண்ணம் குருணையை ஏந்திக்கொண்டு வந்தாள்.

"காலங்காத்தால யாரோட அண்ணி சண்டை?"

"கீரியோட" என்றாள் அவள்.

நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பின்பக்கம் போய்க் கூண்டைத் திறந்துவிட்டாள். கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளியே கொட்டின. முந்திக்கொண்டு வந்த செவலைக் கோழியை, அடங்காப்பிடாரி என்று அவள் செல்லமாக வைவது அடுப்படிவரை கேட்டது.

கோழிகளைப் பார்க்கவாவது நாத்தனார் காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பாள் என்றுதான் அவற்றை வாங்கியதே.

சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவன், தங்கையின் அறையைத் தாண்டும்போது நின்றுவிட்டான்.

கதவு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதன் உட்பக்கம், தாழ்ப்பாள் இருந்த இடத்தில், திருகாணி போன நான்கு ஓட்டைகள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றியவன் அவன்தான்.