நசுங்காத எலுமிச்சம்பழம்

பழைய கார் விற்கும் கொட்டகையில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் நின்றன. மஞ்சள் காருக்குத் தலைக்கனம் அதிகம். வாங்கிய நாளிலிருந்து பழைய முதலாளி வீட்டில் உறைக்குள்ளேயே கிடந்ததால், அதன் மீட்டர் ஏறவே இல்லை.

“மலை மலையாச் சுத்தித் தேய்ஞ்சு போயிட்டே, உன்னை எவன் சீந்துவான்?” என்று சிவப்புக் காரைக் குத்தியது.

“நீ ஒரு கொண்டை ஊசி வளைவாவது பார்த்திருக்கியா?” என்றது சிவப்பு.

மஞ்சளுக்குச் சுருக்கென்றது. “நல்ல விலைக்குப் போறேன், அப்புறம் ஓடுறேன் பாரு.”

மறுநாள் சிவப்பை ஒரு மெக்கானிக் அடிமாட்டு விலைக்கு வாங்கி, டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு சீறிப் போனார்.

அடுத்து வந்த பணக்காரர் கேட்ட விலையைக் கொடுத்து மஞ்சளை வாங்கினார். கடைக்காரர் அதற்கும் பழம் வைத்துச் சாவியை நீட்டினார். மஞ்சளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“ஐயையோ, ஸ்டார்ட் பண்ணாதீங்க!” என்று பதறினார் பணக்காரர். “மீட்டர் ஏறினா, நாளைக்கு நான் விக்கும்போது விலை இறங்கிடும். கிரேன் வெச்சு லாரியில ஏத்துங்க.”

உறையை மாட்டித் தூக்கினார்கள். கீழே கடைக்காரர் பழங்களைப் பொறுக்கித் துடைத்தபடி சொன்னது மஞ்சளுக்குக் கேட்டது.

“எடுத்து வெப்போம். ஓடுற வண்டி எதுக்காவது ஆகும்.”