தூங்கும் வரி

"ஒரு ஆப்புக்குள்ள யாராவது தூக்கத்தை எழுதி வைப்பாங்களா சார்?"

மீட்டிங் அறையில் சிரிப்பு கிளம்பியது. கேட்டவனுக்கு ஆபீஸில் 'மின்னல்' என்று பெயர். எதைக் கொடுத்தாலும் வேகமாக்கிவிடுவான் என்பதால் மானேஜர் வைத்தது. இந்த டீமுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

சுவர்த் திரையில் அவனுடைய லேப்டாப் தெரிந்தது. பரிசோதனைக் கூடம் ஒன்றுக்காக அவர்கள் நடத்தும் ஆப் அது. ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும், ரிப்போர்ட் நேராகப் போனுக்கு வந்துவிடும்.

"இந்த வரியைப் பாருங்க. ரிப்போர்ட் ரெடி. டாக்டருக்கு உடனே போயிடுது. பேஷன்ட்டுக்கு மட்டும் ஒரு மணி நேரம் சும்மா காத்திருன்னு எழுதியிருக்கு. அதுவும் எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு மட்டும். ஆப் ஸ்லோன்னு ஜனங்க ஒத்தை ஸ்டார் போட்டுத் திட்டறாங்களே, காரணம் இதுதான்."

"எந்தப் புண்ணியவான் எழுதினது?" என்றார் மானேஜர்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். டீமில் மூத்தவர். மானேஜரைத் தவிர அத்தனை பேருக்கும் அக்கா.

"நான்தான் சார். லேப்ல கேட்டாங்க."

"மெயில் இருக்கா?"

"கவுண்டர்ல இருக்கற அம்மா வாயாலதான் சொன்னாங்க. ரிப்போர்ட் மோசமா இருந்தா..."

"நம்ம ஆப்பே மோசமா இருக்கு. முதல்ல அதைப் பாப்போம்!"

மானேஜர் தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். அவர் சிரித்தால் மற்றவர்களும் சிரிக்க வேண்டும் என்று கம்பெனி விதி எதுவும் கிடையாது. ஆனாலும் சிரித்தார்கள்.

"ஒரு நிமிஷம் கேளுங்க சார்..."

"அக்காவுக்கு எல்லாத்துக்கும் ஒரு நிமிஷம் வேணும். ரிப்போர்ட்டுக்குன்னா ஒரு மணி நேரம்!" என்றான் மின்னல்.

இந்த முறை சிரிப்பு பலமாக வந்தது. அக்கா தன் நோட்டை மூடிவைத்தார்.

"தூக்கிடுப்பா அதை," என்றார் மானேஜர்.

தூக்குவதற்கு எழுந்துகூடப் போக வேண்டாம். எழுதுவது, சோதிப்பது, கிளவுடில் ஏற்றுவது எல்லாமே லேப்டாப் திரையின் அந்த ஒரே ஜன்னலுக்குள்தான். மின்னல் வரியை அழித்தான். சோதனை ஓடியது. எல்லாம் சரி என்று வரிசையாகப் பச்சை. கிளவுடில் ஏற்றும் டெப்ளாய் பட்டனைத் தட்டினான். மேஜையில் இருந்த டீ ஆறுவதற்குள் புதிய புரோகிராம் கிளவுடில் ஓட ஆரம்பித்துவிட்டது.

கை தட்டினார்கள். அக்காவும் ஒப்புக்குத் தட்டினார்.

மத்தியானம் டீ மெஷின் பக்கத்தில் அக்காவே அவனிடம் வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்றுதான் மின்னல் நினைத்தான்.

"அம்மாவுக்கு இப்ப எப்படிப்பா இருக்கு?"

அவனுக்குச் சங்கடமாகிவிட்டது.

"காலையிலதான் அடுத்த டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்துட்டு வந்திருக்காங்க அக்கா. பயமாத்தான் இருக்கு. ஆனா டாக்டர் தங்கமான மனுஷன். மூணு மாசம் முன்னாடி முதல் டெஸ்ட் எடுத்தப்ப, ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அவரே போன் பண்ணிட்டார். 'உக்காந்துக்கங்கம்மா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?'ன்னு கேட்டுட்டு, பொறுமையா எடுத்துச் சொன்னார். வைத்தியம் இருக்குன்னு தைரியம் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் ரிப்போர்ட்டே வந்துச்சு. முதல்ல ரிப்போர்ட்டைப் பாத்திருந்தா அம்மா அன்னிக்கே ஒடிஞ்சு போயிருப்பாங்க."

அக்கா கையிலிருந்த கப்பைக் கீழே வைத்தார்.

"எந்த லேப்?"

"நம்ம லேப்தான் அக்கா. ஏன்..."

கேள்வியை முடிப்பதற்குள் அவன் போன் அடித்தது. அம்மாதான்.

"ரிப்போர்ட் வந்துடுச்சுடா."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவர் இன்னும் கூப்பிடவே இல்லையே. என்னென்னவோ சிவப்பு எழுத்துல வந்திருக்கு."

மின்னல் அக்காவைப் பார்த்தான். காலையில் அவர் கேட்ட அந்த ஒரு நிமிஷம் எதற்கு என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"அம்மா, படிக்காதே. போனைக் கவுத்து வெச்சுடு. டாக்டர் இப்ப கூப்பிடுவார்."

"படிச்சுட்டேன்டா."

அம்மாவே மேலே பேசினார்.

"வீட்ல யாரும் இல்ல. நீ கொஞ்சம் வர்றியா?"

"தனியாவா இருக்கே? இதோ வர்றேம்மா."

அதற்குள் அக்கா தன் போனில் கவுண்டர் அம்மாவைப் பிடித்திருந்தார். "டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்கம்மா. அவர் பேசறதுக்கு முன்னாடியே இவங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டாங்க. தனியா வேற இருக்காங்க. ஆமா, எங்க பக்கத்துத் தப்புதான்."

எங்க பக்கத்துத் தப்பு என்றார். இவன் தப்பு என்று சொல்லவில்லை.

"நீ கிளம்பு. அந்த வரியை நான் போட்டுடறேன்."

மின்னல் பையை மாட்டிக்கொண்டு கதவு வரை போனான். போனவன் திரும்பி வந்தான்.

"இல்லக்கா. அழிச்சது நான்தானே."

நின்றபடியே லேப்டாப்பைத் திறந்து தட்ட ஆரம்பித்தான். அந்தப் பக்கமாக வந்த மானேஜருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"பாத்தியா, ரிப்போர்ட் எல்லாம் இப்ப நொடியில போகுது! அதுக்குள்ள அடுத்த வேலையா? இன்னும் எவ்வளவு நேரத்தைக் குறைக்கப் போறே?"

"குறைக்கல சார்," என்றான் மின்னல், டெப்ளாய் பட்டனைத் தட்டிக்கொண்டே. "ஒரு மணி நேரம் சேக்கறேன்."