லைசென்ஸ் வந்தாச்சா?

"லைசென்ஸ் வந்தாச்சாம்மா?"

அந்த யூனிஃபார்ம்காரர் மறுபடியும் வந்துவிட்டார். பிழைக்க வந்த நாட்டில் புதிதாகத் தையல் கடை திறந்தவள் தையல் மெஷினை நிறுத்தினாள். தைக்க ஒரு துணி தருவதில்லை, வரும்போதெல்லாம் பின்பக்கச் சுவரைத்தான் பார்க்கிறார்.

"ஆபீசர்தான். நம்ம பாஷை பேசியே வாயைப் பிடுங்குறான்" என்று கிசுகிசுத்தான் கணவன்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "எங்க மேல புகார் ஏதும் வந்திருக்கா சார்?"

"ஐயோ, நான் பஸ் டிரைவர்மா! இதே இடத்துல சலூன் வச்சிருந்தேன். அவசரத்துக்கு வெளியேற பின்பக்கம் இன்னொரு வாசல் இல்லைன்னு, லைசென்ஸ் தராம நகராட்சிக்காரங்க கடையை மூடிட்டாங்க. நீங்களும் இன்னும் அந்த வாசல் வைக்கலையே!"

"முதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

"கடையைத் திரும்பப் பிடிக்கத்தான் பயமுறுத்துறேன்னு சந்தேகப்படுவீங்களோன்னு பயந்துட்டேன்மா."

கணவன் தலையைக் குனிந்தபடி அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.