போயிட்டு வரேன்

செண்பகவல்லியின் வீடு வேலையெல்லாம் தானே செய்யும், பேசவும் பேசும்; நேற்றைய வேலைப்பட்டியலையே ஒவ்வொரு விடியலிலும் புதிதாக எடுத்துக்கொள்ளும், கண்ணுகளா. கணவர் நல்லபெருமாள் இறந்த பிறகும் அவர் குளிக்க அது வெந்நீர் போட்டது.

“அவர் இனி வரமாட்டார்” என்றாள்.

“‘போயிட்டு வரேன்’னு சொல்லிட்டுத்தானேம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாரு?” என்றது வீடு. ‘போறேன்’ என்று தன் வாயால் சொன்னவர் பெயரை மட்டுமே அது பட்டியலிலிருந்து அடிக்கும்.

தினமும் அந்த வெந்நீரைக் கொட்ட மனம் தாங்காமல் அவள் வீட்டை விட்டே மகளோடு கிளம்பினாள்.

“நீயாவது ‘போறேன்’னு சொல்லிடும்மா. இல்லேன்னா உனக்கும் சேத்துப் போடும், இந்தப் பைத்தியம்” என்றாள் மகள் மங்கை.

“வாசல்ல நின்னு அப்படிச் சொல்லுவாங்களாடீ?”

“இன்னிக்கு ஒரு நாள் சொல்லும்மா.”

செண்பகவல்லி கதவைத் தடவிக்கொடுத்தாள். வாய் திறந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது.

“போயிட்டு வரேன்.”

ஆளில்லாத அந்த வீட்டில் இன்றும் விடிந்தால் இரண்டு பேருக்கு வெந்நீர் கொதிக்கிறது.