கண்ணாடியாய்த் தேய்த்த சிலிண்டர்

மனுசனுக்கு ஒரு கூச்சநாச்சம் வேண்டாமா? பொன்னுராஜ் செத்து இன்னும் காரியம்கூட முடியலை. அவன் உசுரைக் குடிச்ச வண்டியோட சிலிண்டரை மடியில வெச்சுத் தேச்சுக்கிட்டிருந்தான் இருதயம்.

"ஏலே, என்ன காரியம் பண்ணுத?"ன்னேன்.

மரக்குச்சியில கட்டின சாணைக்கல் துண்டை மண்ணெண்ணெயில நனைச்சான். சிலிண்டருக்குள்ள விட்டு ஏத்தி இறக்கித் திருகினான்.

இருதயம் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரன். பஞ்சு மில்லுல ஃபிட்டர். சண்டைக் காலமாச்சே, கப்பல்ல புதுச் சாமான் எங்க வருது? ராஜபாளையத்துல மோட்டார் சைக்கிள் வெச்சிருக்கிற நாலஞ்சு பேரும் தேஞ்சுபோன சிலிண்டரை இவன் வீட்டுக்குத்தான் கொண்டாருவாக. உள்பக்கம் மெல்லிசா, குறுக்கும் மறுக்குமா கோடு விழுற மாதிரி தேச்சுக் குடுப்பான். அந்தக் கோட்டுலதான் எண்ணெய் தங்குமாம். அப்பத்தான் வண்டி ஓடுமாம்.

பஞ்சு யாவாரி வைகுண்டராஜ் மகன் பொன்னுராஜ் வண்டியையும் அப்படித்தான் தேச்சுக் குடுத்தான். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பின பையன், வழியில இருக்கிற மடவார்விளாகம்கூடப் போய்ச் சேரலை. ஓட்டத்துலயே இஞ்சின் இறுகிப் பிடிச்சு, சக்கரம் நின்னு, புளியமரத்துல தூக்கி அடிச்சிருச்சு. டேங்க் உடைஞ்சு பெட்ரோல் பூரா மண்ணுல போச்சு.

எழவு வீட்டுக்கு நானும் இருதயமும் போயிருந்தோம். பொன்னுராஜ் பொஞ்சாதி வேலுத்தாய் மாசமா இருக்கா. மார்ல அடிச்சுக்கிட்டு, காலையில இருந்து செஞ்சதையெல்லாம் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வெச்சா. இட்டிலி அவிச்சுப் போட்டேனே, சலவைச் சட்டை எடுத்துத் தந்தேனே, கறுத்த பெட்ரோலைக் கரையானுக்கு ஊத்திட்டு நல்ல பெட்ரோலாப் பாத்து ஊத்தி அனுப்புனேனே, என் ராசா வரலையேன்னு அழுதா. அழுதுக்கிட்டே கொல்லைக் கிணத்தைப் பாத்து ஓடினவளை இழுத்துப் பிடிச்சு உக்கார வெச்சோம்.

வைகுண்டராஜ் வண்டியைக் கொண்டாந்து இருதயம் வாசல்ல போட்டு, உன் வேலை லட்சணத்தைப் பாருன்னுட்டுப் போனாரு. பொறவு யாரோ யோசனை சொல்ல, மதுரையிலருந்து ஒரு பெரிய மெக்கானிக்கை வரச்சொல்லி ஆள் அனுப்பிட்டாரு. அவரு நாளைக்குக் காலையில வாராரு.

வாராருன்னு தெரிஞ்சுதான் இவன் உக்காந்து தேய்க்கான். இதுகூடவா எனக்குப் புரியாது?

"தடயத்தை அழிக்கியோல?"ன்னேன்.

"ஆமா அண்ணாச்சி."

அம்புட்டுத்தான் பதில். காறித் துப்பாத குறையா எந்திரிச்சு வந்துட்டேன்.

மறுநாள் வைகுண்டராஜ் வீட்டு முத்தத்துல ஊரே கூடிருச்சு. இருதயம் கொண்டாந்து குடுத்த சிலிண்டரை மதுரைக்காரர் வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. விரலை விட்டுத் தடவினாரு. உதட்டைப் பிதுக்கினாரு.

"கண்ணாடி கணக்கா மழுங்கத் தேச்சிருக்கான். ஒரு கோடு இல்லை. எண்ணெய் எங்கய்யா நிக்கும்? இஞ்சின் பிடிக்காம என்ன செய்யும்?"

அதோட விட்டாரா? இந்த மாதிரி வண்டிக்குப் பெட்ரோல்லயே எண்ணெயைக் கலந்து ஊத்தணுமாம், கலந்துதான ஊத்துனாகன்னு கேட்டாரு. வைகுண்டராஜுக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது, முழிச்சாரு. இருதயம் முந்திக்கிட்டான்.

"கலந்துதான் இருந்துச்சு. நானே பாத்தேன். தப்பு என் கைமேலதான்."

வீட்டுக்குள்ள இருந்து வேலுத்தாய் தலைவிரி கோலமா வந்தா. முத்தத்து மண்ணை ரெண்டு கையாலயும் வாரி அவன் தலையில தூத்தினா. உன் கை வெளங்காமப் போகும்னு கத்தினா. பெரியவுக ரெண்டு பேரு அவளைத் தாங்கி உள்ள கூட்டிட்டுப் போனாக. இனிமே இவன் கையில ஒரு திருகாணிகூட யாரும் குடுக்கக் கூடாதுன்னு வைகுண்டராஜ் சொன்னதுக்குக் கூட்டம் மொத்தமும் தலையாட்டுச்சு. மில்லுக்காரங்களும் அங்கதான் நின்னாக.

வெளிய வந்ததும் எனக்கு ஆத்திரம் அடங்கலை. "அழிக்கத்தான் அழிச்ச, உருப்படியா அழிச்சிருக்கக் கூடாதா? நீயே தேச்சு நீயே மாட்டிக்கிட்டியேல."

தலையில இருந்த மண்ணை அவன் தட்டக்கூட இல்லை. 

"பிரிச்சுப் பாத்தப்போ நான் போட்ட கோடு அப்படியே இருந்துச்சு அண்ணாச்சி. ஆனா உள்ள சொட்டு எண்ணெய் இல்லை. காஞ்சு உரசின தழும்புதான் இருந்துச்சு. அதைப் பாத்தா மதுரைக்காரரு ஒரு நிமிசத்துல சொல்லிருவாரு. அதான் தேச்சேன்."

"என்னல சொல்லுத? எண்ணெய் கலக்காமலா ஊத்துனான்?"

"பொன்னுராஜ் கலந்துதான் வெச்சிருந்தாரு. கலந்தா பெட்ரோல் கறுத்துப் போகும். அந்தப் பிள்ளை அதை அழுக்குன்னு நினைச்சுக் கரையானுக்கு ஊத்திருச்சு. ஒப்பாரியில அதுவே சொல்லுச்சே, நீங்களும் கேட்டீகள்ல?"

கேட்டேன். ஊரே கேட்டுச்சு.

உள்ள வேலுத்தாய் இன்னும் அவனைச் சபிச்சுக்கிட்டிருந்தா. அவன் பெத்ததையும் சேத்துச் சபிச்சா. என்னால தாங்க முடியலை. வைகுண்டராஜ்கிட்ட மட்டுமாவது சொல்லிட்டு வந்துருதேன்னு திரும்பினேன். இருதயம் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"வையட்டும் அண்ணாச்சி. என்னை வையுத வரைக்கும் அது கிணத்துப் பக்கம் போகாது."